நெடுந்தூரக் குறிக்கு ஏற்ற தோட்டா



கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை நீங்கள் அறிவீர்கள். அவன் எய்த ஒரே கணை யானையை வீழ்த்திற்று. புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவிற்று. இறுதியில் புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்தது என்று வன்பரணர் புறநானூற்றிலே பாடியிருக்கிறார். புலவர் வாக்கில் மிகை இருக்கலாம். ஆயினும் அப்பாட்டிலே இயற்பியல் உண்மை ஒன்று ஒளிந்திருக்கிறது. கணை நீண்டது, மெலிந்தது, தன் பருமனை நோக்க எடை மிகுந்தது. ஆகையால் அது எதிர்ப்பட்டதைப் பிளந்து செல்கையில் தன் வேகத்தை எளிதில் இழப்பதில்லை. இன்று 1000 கஜத் தொலைவிலுள்ள இலக்கை நோக்கிச் சுடுகின்ற விளையாட்டு வீரர் தமக்கேற்ற தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும்போது நாடுவதும் இந்தக் குணத்தையே ஆகும்.

சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளைக் கூடு, அதன் அடியிலுள்ள பற்றவைப்பு மூடி, உள்ளிருக்கும் மருந்து, முனையிலே பொருத்திய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. பறந்து செல்வது குண்டு ஒன்றுதான். மருந்தின் வேலை குழல்வாயோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் எஞ்சிய வழி முழுவதும் குண்டு தனக்குள்ளதைக் கொண்டே நடத்த வேண்டிய வாழ்க்கை. தோட்டாவைத் தேர்வது பற்றிப் பேசுவோர் பலர் மருந்தின் வன்மையையே பெரிதாகப் பேசுவார்கள். நெடுந்தூரத்தில் அது பாதிக் கதைகூட ஆகாது.

நம் சேலம், நாமக்கல் வட்டாரத்து வரலாற்றையே சான்றாகக் கொள்வோம். நாமக்கல் பாறையின் உச்சியிலும் சங்ககிரியின் சரிவிலும் நிற்கும் மதில்களைப் பார்த்திருப்பீர்கள். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி இந்நிலப்பகுதி மைசூர் ஆட்சியிலிருந்து கும்பினியார் கைக்கு வந்தது. அக்காலப் படைவீரன் தாங்கியது உட்புறம் வழவழப்பான குழலுடைய துப்பாக்கி. அதன் குண்டு ஈயத்தாலான உருண்டை. ஆங்கிலக் காலாட்படையின் துப்பாக்கிக் குண்டு ஏறத்தாழ 32 கிராம் எடையும் 17.5 மில்லிமீட்டர் விட்டமும் உடையது. இன்றைய ரைபிள் குண்டைப்போல் மூன்று மடங்கு எடை! ஆனால் 100 கஜத்துக்கு அப்பால் நிற்கும் தனி மனிதனை அதனால் குறிவைத்து அடிப்பது நம்பத்தக்க செயலாக இருக்கவில்லை. இத்துணைப் பெரிய குண்டு ஏன் இவ்வளவு விரைவில் தளர்ந்தது?

காற்றுக்கு எடை தெரியாது. அது காண்பது குண்டின் முகத்தை மட்டுமே. முகம் அகன்றால் தடை பெருகும். அத்தடையைத் தாங்கி முன்செல்லும் ஆற்றலோ எடையைப் பொறுத்தது. ஆகவே எடையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். அந்த ஈவைக் குறுக்கடர்த்தி என்று கூறலாம். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள், நாமே கணக்கிடுவோம். பழைய உருண்டைக் குண்டுக்கு 32ஐ 306ஆல் வகுத்தால் கிடைப்பது 0.10. இன்று போட்டிகளில் வழங்கும் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவில் 175 கிரெயின் குண்டு ஒன்றுண்டு. கிரெயின் என்பது தானிய மணியைக் கொண்டு எழுந்த நிறையளவு. நம் ஊர்க் குன்றிமணி ஒன்று ஏறத்தாழ 2 கிரெயின் நிற்கும். அக்குண்டு 11.3 கிராம், அதன் உண்மையான விட்டம் 7.8 மில்லிமீட்டர். 11.3ஐ 61ஆல் வகுத்தால் 0.185. மூன்றில் ஒரு பங்கு எடையுள்ள குண்டு, குறுக்கடர்த்தியில் பழைய உருண்டையை ஏறத்தாழ இரு மடங்கு விஞ்சுகிறது! 30 கிராம் எடையும் 8 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள ஓர் அம்புக்கு இதே கணக்கைப் போட்டால் 0.47 வரும். ஓரியின் கணைக்கு இருந்த பெருமை இப்போது விளங்குகிறதல்லவா?

அப்படியானால் குண்டை அம்பைப்போல் நீட்டிக்கொண்டே போகலாமே என்று கேட்பீர்கள். நீண்ட பொருள் காற்றிலே தலைகீழாகப் புரளும். அம்புக்கு அதைத் தடுக்க வாலில் இறகு இருக்கிறது. குண்டுக்கு இறகில்லை, ஆகவே அதைப் பம்பரமாக்க வேண்டும். குழலினுள் வெட்டப்பட்ட திருகுவரிகள் இவ்வேலையைச் செய்கின்றன. 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் வரிகள் அமைந்த குழலிலிருந்து நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டு, நொடிக்கு 2,600 முறைக்கு மேல் சுழலும். சுழற்சி போதாத பம்பரம் தலையாட்டுவதைப் போலச் சுழற்சி போதாத குண்டும் தள்ளாடும். எனவே நீண்ட குண்டை விரும்புவோர் தம் குழலின் வரிகள் அதற்கு ஈடுகொடுக்குமா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறுக்கடர்த்தி முதற்குணம்; வடிவம் இரண்டாவது. இதற்கு நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய '303' ரைபிளே நல்ல சான்று. அதன் ஆறாம் வகைத் தோட்டாவில் 215 கிரெயின் எடையுள்ள, மழுங்கிய மூக்குடைய குண்டு இருந்தது. அது நொடிக்கு 630 மீட்டர் அளவில் புறப்பட்டது. 1898இல் பிரான்சும் 1905 அளவில் ஜெர்மனியும் கூரிய மூக்குடைய குண்டுகளைத் தம் படைகளுக்குக் கொடுத்தன. ஆங்கிலேயரும் 1910இல் அவ்வழிக்கு வந்தனர். ஏழாம் வகைத் தோட்டாவின் குண்டு கூரியது. எடை 174 கிரெயினாகக் குறைந்தது. வேகம் 744 மீட்டராக உயர்ந்தது. எடை குறைந்தும் காற்றை இடையூறின்றிப் பிளந்ததால் அதன் பாதை தாழ்ந்து நேராயிற்று. பின்னர் குண்டின் பின்புறத்தையும் படகின் பின்பகுதிபோல் சற்றே குறுக்கினார்கள். குண்டின் பின்னே உண்டாகும் சுழற்காற்று பின்னிழுக்கும் விசை அதனால் குறைந்தது. கூரிய மூக்கு, குறுகிய வால், பருமனை நோக்கிய எடை ஆகிய இம்மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாகக் குறிப்பதை எறிபொருட்கெழு என்பார்கள். நெடுந்தூரக் குண்டின் பெட்டியில் முதலில் பார்க்க வேண்டிய எண் அதுவே.

எல்லாக் காரியத்துக்கும் ஒரே தோட்டா ஏற்றதாகுமா? ஆகாது. பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரரும் எழுத்தாளருமான கென்னத் ஆண்டர்சன் (1910-1974), அக்காலத்தில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஜவளகிரி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லி விலங்குகளைத் தேடிச் சென்ற கதைகளைத் தம் நூல்களில் எழுதியிருக்கிறார். அவர் கைக்கொண்டது '405' வின்செஸ்டர் ரைபிள். அதன் குண்டு 300 கிரெயின், அதாவது 19.4 கிராம், விட்டம் 10.4 மில்லிமீட்டர்; மூக்கு மழுங்கல்; வேகம் நொடிக்கு 670 மீட்டர். புதரின் இருளில் சில பத்து கஜத் தொலைவில் பாயும் புலியின் முன் நிற்பவருக்கு அது தகுந்த தோட்டாவே. ஆனால் நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 19.4ஐ 108ஆல் வகுத்தால் 0.18. முன்சொன்ன 175 கிரெயின் குண்டைக் காட்டிலும் எடை மிகுந்திருந்தும் குறுக்கடர்த்தியில் சற்றுக் குறைவு; மழுங்கிய மூக்கோ காற்றை முட்டி நிற்பது. சமவெளியில் 500 கஜத் தொலைவுக்கு அதை ஏவினால் தேர்ச்சியுள்ளவர் கையிலும் அது ஏமாற்றும். கருவியின் குற்றமன்று அது. காரியத்துக்குப் பொருந்தாத தேர்வின் குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டையாட்டுக் காலம் முடிந்தது. இன்று நெடுந்தூரச் சுடுதல் என்பது விளையாட்டுக்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் உரிய கலையாகும்.

இனி, நெடுந்தூரத்தின் இரு எதிரிகளைப் பார்ப்போம். ஒன்று புவியீர்ப்பு. முன்சொன்ன 175 கிரெயின் குண்டு நொடிக்கு 790 மீட்டர் வேகத்தில் புறப்பட்டு 1000 கஜத்தை, அதாவது 914 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 1.7 நொடி ஆகிறது. அதற்குள் அது 10 மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிடும். ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம் அது! கேட்க அச்சமாக இருப்பினும் இவ்வெதிரி நேர்மையானவன். தூரம் தெரிந்தால் வீழ்ச்சியும் தெரியும். குறிகாட்டியை அதற்குத் தக்கபடி உயர்த்திவிடலாம்.

மற்றோர் எதிரியான காற்று அவ்வாறன்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம்மவர் வழக்கு. மணிக்கு 16 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்றை எடுத்துக்கொள்வோம். ஆடி மாதத்தில் அது சாதாரணமானது. குண்டு வானில் இருக்கும் 1.7 நொடியையும் காற்றின் வேகத்தையும் பெருக்கினால் ஏழரை மீட்டருக்கு மேல் வரும். குண்டு அவ்வளவு தூரம் விலகுவதில்லை. ஏன்? காற்று குண்டைப் பக்கவாட்டில் தள்ளுவது, அது தடையால் தாமதப்படும் அளவுக்கே. காற்றே இல்லாத வெளியில் 914 மீட்டரைக் கடக்க இக்குண்டுக்கு 1.16 நொடி போதும். உண்மையில் ஆவது 1.7. இடைப்பட்ட தாமதம் 0.54 நொடி. அதைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். இதுவே விலகல். வேகத்தைச் சிறிதும் இழக்காத குண்டு ஒன்று இருக்குமானால் எந்தக் காற்றும் அதை அசைக்காது என்பது இவ்விதியின் முடிவு.

இந்த ஒரு விதி கைவந்துவிட்டால் தோட்டாத் தேர்வு பாதி முடிந்தது. 2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமான 6.5 கிரீட்மூர் என்னும் தோட்டாவைப் பாருங்கள். அதன் 140 கிரெயின் குண்டு 9.1 கிராம்தான்; விட்டம் 6.7 மில்லிமீட்டர். குறுக்கடர்த்தி 0.20. எடை குறைவு, ஆனால் மெலிந்து நீண்டது, மூக்கு மிகக் கூரியது. அதே 1000 கஜத்தை அது ஏறத்தாழ 1.55 நொடியில் கடக்கிறது, தாமதம் 0.44 நொடி. அதே காற்றில் விலகல் 2 மீட்டர் அளவே. தோளில் உதைப்பதும் பெரிய தோட்டாவைவிடக் குறைவு. உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடுகிறவன் கையில் எவ்வளவு வன்மையான தோட்டாவும் வீணே. மாக்னம் எனப்படும் பெருந்தோட்டாக்கள் இன்னும் தொலைவு செல்லும் என்பது மெய். ஆனால் உதையும் செலவும் குழலின் தேய்மானமும் உடன் வளரும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. ஒலியினும் விரைந்து புறப்பட்ட குண்டு வழியில் ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கும் இடத்தில் நிலைகுலையக்கூடும். படைத்துறையின் சாதாரண 7.62 தோட்டாவிலுள்ள 147 கிரெயின் குண்டு 1000 கஜத்தை எட்டுமுன்பே அந்நிலைக்கு வந்துவிடுகிறது. ஆகவே போட்டியாளர் இன்னும் கனமான, கூரிய குண்டை நாடுகிறார். இலக்கைத் தொடும்வரை குண்டு ஒலியை முந்தியிருக்க வேண்டும் என்பது நெடுந்தூரத் தேர்வின் பொன்விதி.

நம் சமவெளியின் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். சேலம் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 280 மீட்டர் அளவில் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் வெப்பம் 39 பாகையைத் தொடும் நண்பகலில், அட்டவணைகள் கொள்ளும் 15 பாகைக் கடலோரக் காற்றைவிட இங்குள்ள காற்று பத்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். 1,500 மீட்டர் உயர ஏற்காட்டில் அது இன்னும் மெலிந்தது. மெலிந்த காற்றில் தடை குறைவு. குண்டு சற்று உயரத்தில் படும். ஏற்காட்டில் திருத்திய குறிகாட்டியை மாற்றாமல் மார்கழி விடியலில் சமவெளியில் சுட்டால் குண்டு தாழும். வெயிலில் கிடந்த தோட்டாவின் மருந்தோ விரைந்தெரிந்து வேகத்தையும் குழலின் அழுத்தத்தையும் கூட்டும். எனவே தோட்டாப் பெட்டிக்கு நிழல் வேண்டும். ஒரே தொகுதியில் செய்த தோட்டாக்களையே ஒரு போட்டிக்கு வைத்துக்கொள்ளவும் வேண்டும். புறப்படும் வேகத்தில் 10 மீட்டர் வேறுபாடு இருந்தால் 1000 கஜத்தில் ஒரு சாணுக்கு மேல் ஏற்றத்தாழ்வு விழும்.

வெயில் ஓர் உதவியும் செய்கிறது. சோளக்கொல்லை அறுத்த தரிசில் நண்பகலில் நெளியும் கானலைப் பேய்த்தேர் என்றனர் நம் முன்னோர். தொலைநோக்கியின் வழியே பார்க்கும் பழகிய கண்ணுக்கு அப்பேய்த்தேர் காற்றின் திசையையும் வேகத்தையும் காட்டிக்கொடுக்கும். நேராக மேலெழுந்தால் காற்றில்லை. சாய்ந்து ஓடினால் ஓடும் பக்கம் காற்று வீசுகிறது. பனையோலையும் புழுதியும் அருகிலுள்ள காற்றைச் சொல்லும். பேய்த்தேர் இடைவழிக் காற்றைச் சொல்லும்.

இதுவரை இலக்குவரை சென்ற குண்டைப் பேசினோம். இலக்கைத் தவறிய குண்டு எங்கே போகும்? நம்மில் பலர் கேட்க மறக்கும் கேள்வி இதுவே. தேசிய மாணவர் படையில் சேர்ந்தோர் கையாளும் '22' ரைபிளை விளையாட்டுப் பொருள் என்று எண்ணுவோர் உண்டு. அதன் குண்டு இரண்டரை கிராமுக்குச் சற்று மிகுதி, குறுக்கடர்த்தி 0.08, நம் பட்டியலில் இதுவே கடைசி. ஆயினும் உயர்த்திப் பிடித்துச் சுட்டால் அது ஒன்றரை கிலோமீட்டர் போகவல்லது. 7.62 குண்டோ 4 கிலோமீட்டர் அளவுக்குப் போகும். நாமக்கல் பாறைமேல் நின்று பார்த்தால் 4 கிலோமீட்டருக்குள் எத்தனை வீடுகள், எத்தனை களங்கள், எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நம் சமவெளி தூரத்துப் பார்வைக்கு வெட்டவெளி. அருகே சென்றால் ஒவ்வொரு வயலிலும் ஆள் இருக்கிறார். நாம் இவ்வளவு நேரம் புகழ்ந்த குணமே, வேகத்தை இழக்காத அக்குணமே, தவறிய குண்டைக் கொடிதாக்குகிறது. ஆதலால் நெடுந்தூரச் சுடுதல், குண்டைத் தாங்கும் உயர்ந்த மண்மேடோ மலையோ பின்னால் நிற்கும் அங்கீகரிக்கப்பட்ட களத்திலன்றி வேறெங்கும் நிகழலாகாது. வெற்று வெளியை நோக்கி விளையாட்டாகச் சுடுவது வீரமன்று. கண்காணாத ஒருவர் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

சட்டமும் தேர்வில் ஒரு பங்கு வகிக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இன்றி ரைபிளோ தோட்டாவோ வைத்திருத்தல் கூடாது. படைத்துறைக்குரிய அளவுகள் பொதுமக்களுக்கு விலக்கப்பட்டவை. '303' அவ்வாறு விலக்கப்பட்டதால், வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலை பொதுமக்களுக்கெனச் செய்த ரைபிள் '315' அளவில் அமைந்தது. மழுங்கிய மூக்கும் மிதமான வேகமும் உடைய அதன் குண்டு நெடுந்தூரத்துக்கென்று பிறந்ததன்று. போட்டித் துறையில் முன்னேற விரும்புவோருக்கு 1951இல் தோன்றிய இந்தியத் தேசிய ரைபிள் சங்கமும் மாநிலச் சங்கங்களும் முறையான வழியைக் காட்டும்.

நண்பர்களே, கடைத்தெருவில் பொருள் வாங்குவோர் முதலில் ரைபிளைப் பார்ப்பார்கள். பிறகு அதற்கேற்ற தோட்டாவைத் தேடுவார்கள். குண்டைப் பற்றிக் கடைசியில் எண்ணுவார்கள். அறிவாளர் வரிசையோ இதற்கு நேர்மாறானது. முதலில் களம்: எத்தனை கஜம், பின்னால் என்ன இருக்கிறது? அடுத்து நோக்கம். அதன்பின் அந்நோக்கத்துக்கேற்ற குண்டு: குறுக்கடர்த்தி, மூக்கு, வால். பிறகு அக்குண்டை வேண்டிய வேகத்தில், தோள் தாங்கும் உதையோடு அனுப்பும் தோட்டா. அதன்பின் அதற்கேற்ற திருகுவரியுள்ள குழல். ரைபிள் கடைசியில் தானே தேர்வாகிவிடும்.

தொடங்குவோருக்கு நான் பரிந்துரைப்பது 50 மீட்டர்க் களத்தில் சுடும் '22' தோட்டாவையே. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே நம் நாட்டுக்கு வெண்கலம் வென்றது அந்தத் தொலைவில், அச்சிறு தோட்டாவைக் கொண்டே. வேகமும் எடையும் குறைந்த அக்குண்டைச் சிறு காற்றும் அசைக்கும். ஆதலால் காற்றை வாசிக்க அதைவிடச் சிறந்த ஆசான் இல்லை. 50 மீட்டரில் காற்றோடு பழகியவன் ஒருநாள் 1000 கஜத்தில் அதை வெல்வான்.